முதல் சிட்காம் ஸ்கிரிப்ட்: சிரிப்பு வரும்படி ஒரு எபிசோடை எழுதி முடிப்பது எப்படி?

சிட்காம் என்றால் அதே ஆட்கள், அதே இடம், வாராவாரம் ஒரு புதுச் சிக்கல் என்று போகும் நகைச்சுவைத் தொடர். என் முதல் சிட்காம் ஸ்கிரிப்ட் 48 பக்கம். பக்கத்துக்கு நான்கு ஜோக் என்று கணக்கு வைத்து எழுதினேன். ஆறு நண்பர்களை உட்கார வைத்துச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். முதல் சிரிப்பு 11-ம் பக்கத்தில்தான் வந்தது. அதுவும் நான் ஜோக் என்று நினைத்து எழுதிய வரிக்கு வரவில்லை. தன் கடைக் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே மாட்டிக்கொண்ட ஒருவர், சாவி உள்ளேயே இருக்கிறது என்று தெரிந்த பிறகும் விடாமல் சொல்கிறார்: "சாவி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். அதானே முக்கியம்?"

அறை முழுக்கச் சிரித்தது. அந்த வரியைத் தனியாக எடுத்துப் பாருங்கள், அதில் ஜோக்கே கிடையாது. தோற்றதை ஒப்புக்கொள்ள முடியாத ஒரு மனிதர் இருக்கிறார், அவ்வளவுதான். இது புரிந்தபின் அந்த ஸ்கிரிப்டை ஏழு முறை திருத்தி எழுதினேன், ஒரு வருஷம் ஓடிவிட்டது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டியதில்லை. வேலை எந்த வரிசையில் நடந்தால் சுலபமோ அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. முதலில் ஆளைக் கண்டுபிடியுங்கள்

ஒரு வெள்ளைத்தாளில் இரண்டே கேள்வி எழுதுங்கள். இவருக்கு என்ன வேண்டும்? அது கிடைக்காமல் இவரே எப்படிக் கெடுத்துக்கொள்கிறார்? இரண்டாவதற்குப் பதில் இல்லையென்றால் அந்த ஆளை வைத்து சிட்காம் எழுத முடியாது.

'ஃபால்டி டவர்ஸ்' என்ற பிரிட்டிஷ் தொடரின் ஹோட்டல்காரரைப் பாருங்கள். மேல்தட்டு மனிதர்களோடு பழக வேண்டும், தானும் அவர்களில் ஒருவராக மதிக்கப்பட வேண்டும் என்று ஏங்குகிறார். ஆனால் அவர் பிழைப்பே வந்தவர் போனவருக்கெல்லாம் பணிவிடை செய்வது. விருந்தாளிகளைப் பார்த்தாலே அவருக்கு எரிச்சல் வருகிறது. வெளியிலிருந்து வில்லனே வர வேண்டாம். 1975-ல் ஆறு, 1979-ல் ஆறு என மொத்தமே 12 எபிசோடுதான், இன்றும் பார்க்கிறார்கள்.

நான் பழகிப் பார்த்த உதாரணத்தையே இந்தக் கட்டுரை முழுக்க வைத்துக்கொள்கிறேன். பூட்டு, சாவி பழுதுபார்க்கும் கடை. அண்ணனும் தங்கையும் நடத்துகிறார்கள். அண்ணனால் எந்தக் கேள்விக்கும் 'தெரியாது' என்று சொல்ல முடியாது. எல்லோரும் தன்னை நம்ப வேண்டும் என்பது அவர் ஆசை. தெரியாததையும் தெரிந்ததுபோலச் சொல்லிச் சொல்லி அந்த நம்பிக்கையை அவரே உடைத்துக்கொள்கிறார்.

அந்தக் குறை அவர் கண்ணுக்குத் தெரியக் கூடாது, இதை மறந்துவிடாதீர்கள். 'நான் கொஞ்சம் ஓவராப் பேசுவேன்' என்று அவரே சொல்லிவிட்டால் கதை முடிந்தது. நமக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை என்ற அந்த இடைவெளியில்தான் சிரிப்பு வருகிறது.

புதிதாக எழுதுபவர்கள் இங்கே இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். 'கலகலப்பானவர்', 'குறும்புக்காரர்' என்று குறிப்பு எழுதுவது ஒன்று. அதை வைத்து ஒரு காட்சிகூட நகராது. இன்னொன்று, திக்குவாய், பருமன், கறுப்பு நிறம் போன்றவற்றைக் குறையாகக் காட்டிச் சிரிக்கவைக்கப் பார்ப்பது. முதல்முறை யாராவது சிரிக்கலாம். ஆனால் வாராவாரம் அதே ஆளைப் பார்க்க மக்கள் திரும்பி வர வேண்டும். அவர் மேல் ஒரு பாசம் இல்லாமல் யாரும் வர மாட்டார்கள். இப்படிக் கேலி செய்வது தவறு என்பது இருக்கட்டும், வேலைக்கும் ஆகாது.

2. அவர்கள் ஓடிப்போக முடியாதபடி கட்டிப்போடுங்கள்

வாசிப்பவர் மனதில் எழும் முதல் கேள்வி: 'இவ்வளவு தொல்லை என்றால் ஏன் எழுந்து போகவில்லை?' அதற்குப் பதில் தயாராக இருக்க வேண்டும். குடும்பம், வேலை, பங்கு போட்ட வாடகை வீடு. பெரும்பாலான சிட்காம்கள் இந்த மூன்றில் ஒன்றில்தான் நிற்கின்றன. 'சியர்ஸ்' என்ற அமெரிக்கத் தொடர் 11 சீசன் ஓடியது, அதன் முதல் சீசன் முழுவதும் ஒரு மதுக்கூடத்துக்குள்ளேயே நடந்தது. என் கடையில் அண்ணன் பங்கைத் தங்கையாலோ தங்கை பங்கை அண்ணனாலோ வாங்க முடியாது. கையில் அவ்வளவு பணம் இல்லை. அது போதும்.

முக்கியப் பாத்திரங்கள் நான்கு அல்லது ஐந்து இருந்தால் போதும். ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாதவர்களாக இருக்கட்டும். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு: கடையில் திடீரென்று கரண்ட் போகிறது. யார் என்ன செய்வார்கள்? அண்ணன் காரணம் சொல்வார். தங்கை மெழுகுவர்த்தி தேடுவாள். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையன் அண்ணன் சொன்ன காரணத்தை நோட்டில் குறித்துக்கொள்வான். தினமும் வந்து உட்காரும் வாடிக்கையாளர் கரண்ட் போனதையே கவனிக்க மாட்டார். நான்கு பேரும் நான்கு விதம். இரண்டு பேர் ஒரே மாதிரி நடந்துகொண்டால் ஒருவரை நீக்கிவிடுங்கள்.

3. காகிதங்களை இந்த வரிசையில் தயார் செய்யுங்கள்

நேராக வசனத்தில் இறங்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நானும் அதைத்தான் செய்தேன். நான்கு மாதம் வீண்.

முதலில் ஒரு வரி: யார், எங்கே, என்ன சிக்கல். அப்புறம் ஆளுக்கு அரைப் பக்கம் வீதம் பாத்திரக் குறிப்பு. மூன்றாவது, காட்சிவாரி சுருக்கம், அதாவது ஸ்டெப் அவுட்லைன். ஒவ்வொரு காட்சிக்கும் மூன்று நான்கு வரி, மொத்தம் மூன்று பக்கத்துக்குள். நான்காவதுதான் வசனத்தோடு முழு ஸ்கிரிப்ட். கடைசியாகத் தொடர் குறிப்பு. இதைப் 'பைபிள்' என்பார்கள். உலகம், ஆட்கள், வரப்போகும் எபிசோடுகள் எல்லாம் ஐந்தாறு பக்கத்தில்.

வேலைக்குப் போய்க்கொண்டே தினம் ஒரு மணிநேரம் எழுதுபவர் என்றால் முதல் இரண்டுக்கும் சேர்த்து இரண்டு வாரம், அவுட்லைனுக்கு மூன்று வாரம், முதல் டிராஃப்டுக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். திருத்துவதற்குக் குறைந்தது ஆறு வாரம். அவுட்லைனுக்கு டிராஃப்டைவிட அதிக நாள் ஆனால் பயப்படாதீர்கள், அது நல்லதுதான்.

4. கதையை ஏணிபோல அடுக்குங்கள்

விளம்பரத்தோடு அரைமணி நேரம் என்றால் உங்களுக்குக் கிடைப்பது சுமார் 22 நிமிடம். விளம்பரம் இல்லாத சேனல் என்றால் 28 நிமிடம் வரை போகலாம். அதற்குள் ஒரு முக்கியக் கதை, பக்கத்திலேயே ஒரு சின்னக் கதை. இதற்கு மேல் முதல் ஸ்கிரிப்டில் வேண்டாம்.

கதை பெரிதாக இருக்கத் தேவையில்லை. 'சைன்ஃபெல்ட்' தொடரில் 1991-ல் வந்த ஓர் எபிசோட் முழுக்க மூன்று பேர் ஓர் உணவகத்தில் மேசை கிடைக்கக் காத்திருப்பதுதான். சின்ன விஷயத்தை ஒரு மனிதர் உயிர்போகும் விஷயமாக எடுத்துக்கொள்ளும்போது சிரிப்பு தானாக வருகிறது. 'அடுத்து என்ன?' என்று யோசிக்காமல், 'இதை இவரே எப்படி இன்னும் மோசமாக்குவார்?' என்று கேட்டுக்கொண்டே போங்கள்.

என் கடையில் ஒரு காட்சித்தொடர் எப்படி வளர்ந்தது என்று காட்டுகிறேன்.

ஒருவர் உள்ளே வந்து, "சார், புது லைப்ரரிக்கு எப்படிப் போகணும்?" என்கிறார். லைப்ரரி இடம் மாறியதே அண்ணனுக்குத் தெரியாது. ஆனாலும் உடனே, "நேரா போய் ரெண்டாவது லெஃப்ட்" என்கிறார். தங்கை நிமிர்ந்து பார்க்கிறாள், பேசவில்லை.

பத்து நிமிடத்தில் அவர் திரும்பி வருகிறார். "அங்க வெறும் சுவர்தான் சார் இருக்கு." இந்த இடத்தில் 'மன்னிக்கணும், எனக்குத் தெரியாது' என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். அண்ணன் சொல்கிறார்: "சுவர் தெரிஞ்சுதா? அப்போ சரியாத்தான் போயிருக்கீங்க. அதுக்கு முன்னாடி திரும்பணும்."

மூன்றாவது முறை அவர் தனியாக வரவில்லை. கூடவே இரண்டு பேர். அவர்களும் லைப்ரரி தேடுகிறவர்கள். வழியில் சந்தித்துக்கொண்டிருக்கிறார்கள், மூன்று பேருக்கும் வழி சொன்னது இவர்தான். இப்போது அண்ணனுக்கு இருப்பது ஒரே வழி. "வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்." தெருவில் ஊர்வலம் போகிறது. வழியில் இன்னும் நான்கு பேர் சேர்கிறார்கள். அண்ணன் நம்பிக்கையோடு ஒவ்வொரு முனையிலும் திரும்புகிறார், கடைசியாக ஒரு முனை திரும்பினால் எதிரே அவருடைய கடை. வாசலில் தங்கை நிற்கிறாள்.

"லைப்ரரியா அண்ணா?"

ஒரு பொய், அதைக் காப்பாற்ற இன்னொன்று, பிறகு அதைவிடப் பெரிது என்று ஏறிக்கொண்டே போனதைக் கவனியுங்கள். ஒவ்வொரு படியிலும் அவர் இறங்கிவிடலாம், இறங்க மறுக்கிறார். தங்கைக்கு அந்த ஐந்தெழுத்துச் சொல்லும் ஒரு 'அண்ணா'வும் தவிர வேறு வசனமே நான் எழுதவில்லை. முதலில் அவளுக்கு ஆறு வரி கிண்டல் இருந்தது. அதை நீக்கியபிறகுதான் காட்சி எடுபட்டது.

எபிசோட் முடியும்போது எல்லோரும் கிட்டத்தட்டத் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட வேண்டும். அண்ணன் பாடம் கற்றுத் திருந்திவிட்டால் அடுத்த வாரம் எழுத ஒன்றும் இருக்காது. முடிவுக்குப் பின் அரை நிமிடத்துக்கு ஒரு குட்டிக் காட்சி வைப்பார்கள், அதற்குப் பெயர் டேக். என் டேக்: மறுநாள் காலை, கடை வாசலில் அண்ணன் ஒரு புதுப் பலகை மாட்டுகிறார். 'இங்கு வழி சொல்லப்படும்.'

5. வசனத்தில் சிரிப்புச் சொல்லைக் கடைசியில் வையுங்கள்

இது தமிழில் எழுதுபவர்களுக்கே உள்ள சிக்கல், யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நம் வாக்கியம் வினைச்சொல்லில் முடிகிறது. அதனால் எதிர்பாராத சொல் நடுவில் புதைந்துபோகிறது. இதைப் பாருங்கள்:

"மூணு மணி நேரமா அண்ணன் தேடிட்டிருந்த சாவி அவர் கழுத்துலதான் தொங்கிட்டு இருந்துச்சு."

சிரிக்க வேண்டிய சொல் 'கழுத்து'. அதற்குப் பிறகும் 'தொங்கிட்டு இருந்துச்சு' என்று வாக்கியம் இழுத்துக்கொண்டு போவதால், சிரிக்க வாயெடுத்தவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பேச்சுத் தமிழ் நமக்கு ஒரு சலுகை தருகிறது, சொற்களை இடம் மாற்றலாம்:

"மூணு மணி நேரம் தேடினார் அந்தச் சாவிய. எங்க தொங்குச்சு தெரியுமா? அவர் கழுத்துல."

ஸ்கிரிப்டை ஒருமுறை இதற்காக மட்டுமே வாசித்துத் திருத்துங்கள். என் ஸ்கிரிப்டில் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்கள் இப்படி மாறின. ஒரு புது ஜோக்கூடச் சேர்க்கவில்லை, ஆனாலும் அடுத்த வாசிப்பில் சிரிப்பு கூடியது.

அடுத்தது, பெயர்களைக் கையால் மறைத்துவிட்டு வசனத்தை வாசியுங்கள். யார் பேசுகிறார் என்று தெரியவில்லையா? எல்லோர் வாயிலும் நீங்களே பேசுகிறீர்கள் என்று அர்த்தம். எல்லாப் பாத்திரங்களும் சாமர்த்தியமாகப் பதிலடி கொடுக்கும் ஸ்கிரிப்ட் சீக்கிரம் அலுத்துவிடும். நம்பியதைத் தீவிரமாகச் சொல்கிற ஒரு அப்பாவி, பத்து பதிலடிக்குச் சமம்.

ஒரு விஷயத்தைத் திரும்பக் கொண்டுவருவதும் பலமான உத்தி. நான்காம் நிமிடத்தில் சாதாரணமாக வந்துபோன ஒன்று பதினெட்டாம் நிமிடத்தில் வேறு இடத்தில் தலைகாட்டினால், பார்ப்பவர் தானே கண்டுபிடித்த மகிழ்ச்சியில் சிரிப்பார். ஆனால் 'ஞாபகம் இருக்கா, காலைல சொன்னேனே' என்று யாரும் விளக்கக் கூடாது. அதேபோல, ஒரு பாத்திரம் சொன்னதற்கு இன்னொரு பாத்திரம் விழுந்து விழுந்து சிரிப்பதாக எழுதாதீர்கள். அவர்கள் சிரித்துவிட்டால் நமக்கு மிச்சமில்லை.

6. எத்தனை கேமரா என்று முடிவு செய்யுங்கள்

மல்டி கேமரா என்றால் நாடகமேடை போன்ற செட்டில், பெரும்பாலும் பார்வையாளர் முன்னிலையில், பல கேமராக்களில் ஒரே நேரத்தில் படமாக்குவது. நடிகர்கள் சிரிப்பு அடங்கக் காத்திருந்து பேசுவார்கள். சிங்கிள் கேமரா என்றால் சினிமாபோல ஷாட் ஷாட்டாக எடுப்பது. இங்கே மௌனமும் முகபாவமும் அதிகம் பேசும். இரண்டையும் கலந்து எழுதினால் வாசிப்பவர் குழம்பிவிடுவார்.

பதிவு செய்த சிரிப்பொலியைப் பின்னணியில் சேர்ப்பது உங்கள் கையில் இல்லாத முடிவு. அதை நம்பி எழுதாதீர்கள். போர்க்கள மருத்துவமனையில் நடக்கும் 'மேஷ்' தொடரில் சிரிப்பொலி இருந்தது. ஆனால் அறுவைசிகிச்சைக் காட்சிகளில் அது கூடாது என்று தயாரிப்பாளர்கள் பிடிவாதமாக நின்றார்கள். ஒலி இல்லாமலும் நிற்கிற காட்சியை எழுதுவதுதான் நம் வேலை.

பக்கக் கணக்கில் ஏமாந்துவிடாதீர்கள். ஆங்கில வடிவத்தில் சிங்கிள் கேமராவுக்குப் பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பார்கள். மல்டி கேமராவில் வசனத்தை இடைவெளி விட்டு அச்சடிப்பதால் பக்கத்துக்கு ஏறக்குறைய அரை நிமிடம். 22 நிமிடத்துக்கு 40 முதல் 50 பக்கம் வரும். தமிழுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. எழுத்துருவின் அளவு மாறினாலே பக்கம் மாறிவிடும். கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்து, நடிக்கும் வேகத்தில் வாசித்து அளந்துகொள்ளுங்கள்.

7. செலவை மனதில் வைத்து எழுதுங்கள்

என் மூன்றாவது டிராஃப்டை வாசித்த ஒரு தயாரிப்பாளர் நான்காம் பக்கத்திலேயே மூடிவைத்துவிட்டார். அதற்குள் ஒன்பது இடங்கள், ஒரு மழை, ஒரு நாய். கதை எப்படி என்ற பேச்சுக்கே வரவில்லை.

நிரந்தர செட் இரண்டு, மிஞ்சினால் மூன்று. அதற்குமேல் ஒரே ஒரு புது இடம். இரவு வெளிப்புறக் காட்சி, கூட்டம், குழந்தைகள், விலங்குகள், ஓடும் வண்டிக்குள் பேச்சு ஆகியவை படப்பிடிப்பு நாட்களைத் தின்றுவிடும். முன் சொன்ன ஊர்வலத்தையே பிறகு மாற்றிவிட்டேன். கேமரா கடைக்குள்ளேயே இருக்கிறது, கண்ணாடி ஜன்னல் வழியாக அண்ணனும் கூட்டமும் இடமிருந்து வலமாகப் போகிறார்கள். கொஞ்ச நேரத்தில் வலமிருந்து இடமாக. ஒவ்வொரு முறையும் ஒரு ஆள் கூடுதல். செலவு குறைந்தது, சிரிப்பு முன்னைவிட அதிகம் வந்தது. 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரிலும் 1996-ல் செலவை மிச்சப்படுத்த ஓர் எபிசோடை ஒரே வீட்டுக்குள் முடித்தார்கள். ஆறு பேரும் ஒரு விழாவுக்குக் கிளம்ப வேண்டும், யாரும் தயாராகவில்லை. அவ்வளவுதான் கதை.

8. சத்தமாக வாசிக்க வையுங்கள்

தனியாகத் திரையில் வாசித்தால் சிரிப்பு இருக்கிறதா என்று தெரியாது. ஐந்தாறு பேர் போதும், நடிகர்களாக இருக்க வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு பிரதி அச்சிட்டுக் கொடுங்கள். நீங்கள் எந்தப் பாத்திரத்தையும் எடுக்காதீர்கள். உங்கள் குரல் ஸ்கிரிப்டில் இல்லாததைச் சேர்த்துவிடும். காட்சிக் குறிப்புகளை வேறு ஒருவர் வாசிக்கட்டும்.

நீங்கள் பென்சிலோடு உட்காருங்கள். சிரித்த இடத்தில் ஒரு டிக். சிரிக்க வேண்டிய இடத்தில் அமைதி என்றால் ஒரு வட்டம். யாராவது கைப்பேசியை எடுத்தால் அந்தப் பக்க எண்ணைக் குறியுங்கள். நடுவில் எதையும் விளக்காதீர்கள், எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும்.

வட்டம் போட்ட வரியை மாற்ற அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது, இரண்டு மூன்று பக்கம் முன்னால் இருக்கும். நாம் சொல்லியிருக்க வேண்டிய ஒரு தகவலைச் சொல்லாமல் விட்டிருப்போம். அண்ணனுக்கு லைப்ரரி மாறியது தெரியாது என்பது பார்ப்பவருக்குப் பதியாவிட்டால், 'ரெண்டாவது லெஃப்ட்' வெறும் வழிகாட்டல்தான். ஒரு வாசிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். முடிந்தால் அடுத்த முறை ஆட்களை மாற்றுங்கள். ஒருமுறை கேட்டவர் மரியாதைக்குச் சிரிப்பார்.

9. அனுப்பும் முன்

பதிப்புரிமை (காப்பிரைட்) எழுதிய ஸ்கிரிப்டுக்கு உண்டு, வெறும் யோசனைக்குக் கிடையாது. அதனால் வாய்ப்பேச்சில் கதை சொல்லிக்கொண்டு திரியாமல் முழு ஸ்கிரிப்டை முடித்துவிட்டுப் போங்கள். உங்கள் நாட்டில் பதிவு செய்யும் வசதி இருந்தால் செய்துகொள்ளுங்கள். மின்னஞ்சலில் தேதியோடு அனுப்பிய பிரதிகளையும் பத்திரமாக வையுங்கள். சில நிறுவனங்கள் வாசிப்பதற்கு முன் ஒரு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்கும். அது வழக்கம்தான், ஆனால் உரிமையை எழுதிக்கொடுப்பதுபோல ஏதாவது வரி இருந்தால் வழக்கறிஞரிடம் காட்டாமல் போடாதீர்கள். வாசிக்கப் பணம் கேட்கும் தயாரிப்பாளரிடமிருந்து விலகிவிடுங்கள்.

பிடிஎஃப் ஆக மாற்றி, வேறு ஒரு கணினியிலும் ஒரு கைப்பேசியிலும் திறந்து பாருங்கள். தமிழ் எழுத்துரு உடைந்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அவ்வளவு நாள் உழைப்பும் முதல் பக்கத்திலேயே நின்றுவிடும். அட்டையில் தலைப்பு, உங்கள் பெயர், தொடர்பு எண் போதும். டிராஃப்ட் எண்ணைப் போடாதீர்கள்.

எட்டு வாரம் காத்திருந்து ஒருமுறை கேளுங்கள். ஓரிடத்தில் என் ஸ்கிரிப்ட் எட்டு மாதம் கிடந்தது, அதுவரை வேறு யாருக்கும் அனுப்பாமல் இருந்துவிட்டேன். ஒருவருக்கு மட்டுமே தருவதாக எழுதிக்கொடுக்காதவரை, நான்கைந்து இடத்துக்கு ஒரே நேரத்தில் அனுப்பலாம்.

கூப்பிட்டுப் பேசினார்கள் என்றால் முதல் கேள்வி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: "இது சரி, ஆறாவது எபிசோட்ல என்ன நடக்கும்?" ஆட்கள் சரியாக அமைந்திருந்தால் பதில் வந்துகொண்டே இருக்கும். பூட்டுக்கடைக்கு நான் எடுத்துப்போன தாளில் பத்து வரி இருந்தது. அவர்கள் நிறுத்திக் கேட்டது நான்காவது வரியை: 'பக்கத்து வங்கியின் பெட்டகப் பூட்டு திறக்கவில்லை. அண்ணனைக் கூப்பிடுகிறார்கள். அவருக்குத் தெரியாது.'